மசக்கையும் கிராமத்தின் கடமையும்

வானம் பார்த்த பூமியில் பயிர் செய்வோருக்கு வாட்டத்தின் வகைகள் நன்கு தெரியும். மாசி வெயிலில் பருத்திச் செடி நண்பகலில் இலை துவண்டு நிற்பதைக் கண்டு எவரும் கலங்குவதில்லை. வெயில் தாழ்ந்ததும் அது தானே நிமிர்ந்துவிடும். ஆனால் விடியற்காலையில் சென்று பார்க்கும்போதும் செடி துவண்டே கிடக்குமானால், வேருக்கு எட்டும் ஈரம் தீர்ந்துவிட்டது என்பதை விவசாயி உணர்ந்துகொள்கிறார். பார்வைக்கு இரண்டும் வாட்டமே. எனினும் ஒன்று இயற்கை, மற்றொன்று ஆபத்து.

கர்ப்பிணிப் பெண்களுக்கு முதல் மாதங்களில் தோன்றும் குமட்டலும் வாந்தியும் இவ்வாறே இருவகைப்படும். இரண்டையும் நாம் ‘மசக்கை’ என்ற ஒரே சொல்லால் அழைத்துவருகிறோம். அந்த ஒரு சொல்லுக்குள் இயற்கையும் நோயும் கலந்து மறைந்துவிடுகின்றன. அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டங்களில் நாம் சுற்றுப்பயணம் செய்யும்போது, “டாக்டரிடம் காட்டினோம்; மசக்கைதான், போகப்போகச் சரியாகிவிடும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்” என்ற பேச்சைப் பல வீடுகளில் கேட்கிறோம். பெரும்பாலோருக்கு அது உண்மையாகவே சரியாகிவிடுகிறது. சரியாகாத சிலர் என்ன செய்வது? மீண்டும் சென்றால் டாக்டர் கோபித்துக்கொள்வாரோ என்று அஞ்சி வீட்டிலேயே படுத்துவிடும் பெண்ணுக்கு யார் துணை? இதைக் குறித்து ஊராட்சி உறுப்பினர்களும் குடும்பத்தினரும் அறிந்திருக்க வேண்டியவற்றை இங்கே எடுத்துக் கூறுவோம்.

இயற்கை எது? நோய் எது?

கர்ப்பிணிகளில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்குக் குமட்டல் உண்டாகிறது. பொதுவாக நாலாம் வாரத்திற்கும் ஏழாம் வாரத்திற்கும் இடையே தொடங்கி, ஒன்பதாம் வார அளவில் உச்சமடைந்து, பிறகு படிப்படியாகத் தணிகிறது. இருபதாம் வாரத்திற்குள் பெரும்பாலோருக்கு முற்றிலும் நின்றுவிடும். இத்தகைய பெண் காலையில் வாந்தி எடுத்தாலும் பகலில் சிறிது கஞ்சியோ பழமோ உண்பாள். குடித்த நீர் வயிற்றில் தங்கும். எடை பெரிதாகக் குறையாது. இது நண்பகல் வாட்டம்.

நூற்றுக்கு இரண்டொருவருக்கு நிலைமை வேறாகிறது. உண்டது தங்குவதில்லை, பருகிய நீரும் தங்குவதில்லை. பல நாட்கள், சிலருக்குப் பல வாரங்கள் இது நீடிக்கிறது. உடலின் நீரும் உப்புக்களும் வெளியேறுகின்றன. கர்ப்பத்திற்கு முன்பிருந்த எடையில் நூற்றுக்கு ஐந்து பங்குக்கு மேல் குறைந்துவிடுகிறது. அதாவது, 50 கிலோ எடையுள்ள பெண் இரண்டரைக் கிலோவுக்கு மேல் இழந்திருந்தால் அதை எளிதாக எண்ணலாகாது. மருத்துவ நூல்கள் இதற்கு ‘ஹைபெரமெசிஸ்’ எனத் தனிப் பெயர் கொடுத்துள்ளன. கடும் கர்ப்பகால வாந்தி என்று நாம் சொல்லலாம். இது சிகிச்சை அளிக்கவேண்டிய நோய். கவனியாது விட்டால் இரத்தத்தில் உப்புச் சத்துக்கள் நிலைகுலையும், சிறுநீரகம் பாதிக்கப்படும், வைட்டமின் பற்றாக்குறையால் மூளையும் ஊறுபடும். உயிரிழப்பு அரிது, ஆயினும் இல்லாதது அன்று.

நமது வட்டாரத்தில் இதற்குமேல் ஒரு துன்பமும் சேர்ந்துகொள்கிறது. பங்குனி முதல் ஆனி வரை காயும் வெயிலில் உடலின் நீர் வியர்வையாகவும் போய்விடுகிறது. காட்டுவேலைக்கும், கருவேலங்கரி மூட்டத்திற்கும், நூல் மில்லுக்கும் செல்லும் பெண்கள் ஒரு நாள் கூலியை இழக்க மனமின்றி, வெறும் வயிற்றோடு வேலைக்குப் போகிறார்கள். வேறிடத்தில் நாலு நாள் தாங்கும் உடல் இங்கே இரண்டு நாளில் சோர்ந்துவிடக்கூடும்.

மனக்கோளாறும் அன்று, சோம்பலும் அன்று

“நாங்களெல்லாம் பிள்ளை பெறவில்லையா? வாந்தி எடுத்துக்கொண்டே களை எடுத்தோம்” என்று மாமியார் சொல்வதில் பொய் இல்லை. அவருக்கு வந்தது முதல் வகை. மருமகளுக்கு வந்திருப்பது இரண்டாம் வகையாக இருக்கலாம். ஒருவர் அனுபவத்தைக் கொண்டு மற்றொருவர் உடலை அளத்தல் இயலாது.

இதில் கிராமத்துப் பெரியவர்கள் மட்டும் தவறாக எண்ணினார்கள் என்பதற்கில்லை. இருபதாம் நூற்றாண்டில் மேனாட்டு டாக்டர்கள் பலரும் இதை மனத்தின் கோளாறு என்றும், குழந்தையை விரும்பாத பெண்ணுக்கு வருவது என்றும் கருதி வந்தனர். அமெரிக்காவில் மார்லினா ஃபெய்சோ என்ற பெண் விஞ்ஞானிக்கு 1999-ஆம் ஆண்டில் நேர்ந்தது இதற்குத் தக்க சான்று. கருவுற்றிருந்த அவரால் எதையும் உண்ணவோ பருகவோ இயலவில்லை. எழுந்து நிற்கவும் வலுவில்லை. பிறர் கவனத்தைக் கவர்வதற்காக மிகைப்படுத்துகிறார் என்ற கருத்தையே அவருடைய டாக்டர் கொண்டிருந்தார். பதினைந்தாம் வாரத்தில் அந்தக் கரு கலைந்தது. படித்தவர், அதிலும் விஞ்ஞானி, செல்வம் மிக்க நாட்டில் வாழ்பவர். அவருடைய சொல்லே எடுபடவில்லை என்றால், நரிக்குடிப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து வரும் பத்தொன்பது வயதுப் பெண்ணின் சொல் எவ்வளவு எடுபடும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

அவர் அதோடு நின்றுவிடவில்லை. இந்நோயின் காரணத்தைக் கண்டறிவதையே தம் வாழ்நாள் பணியாக மேற்கொண்டார். 2018-ஆம் ஆண்டில் அவரும் அவர் குழுவினரும் இந்நோய்க்கும் ‘ஜி.டி.எஃப். 15’ என்ற ஹார்மோனின் மரபணுவுக்கும் தொடர்பு இருப்பதைக் கண்டனர். 2023-ஆம் ஆண்டு டிசம்பரில் இங்கிலாந்திலுள்ள கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தாருடன் சேர்ந்து வெளியிட்ட ஆராய்ச்சியில் காரணம் மேலும் தெளிவாயிற்று. கருவும் நஞ்சுக்கொடியும் இந்த ஹார்மோனைத் தாயின் இரத்தத்தில் செலுத்துகின்றன. கர்ப்பத்திற்கு முன்பே உடலில் இந்த ஹார்மோன் ஓரளவு இருந்து பழகிய பெண்கள் அதைத் தாங்கிக்கொள்கிறார்கள். முன்பு அது மிகக் குறைவாக இருந்த பெண்களையே திடீரென்று வந்த பெருக்கு வாட்டி எடுக்கிறது. பழக்கமில்லாதவன் புகையிலை போட்டால் தலை சுற்றுவது போன்றதே இது.

அந்த ஆராய்ச்சியில் நமது அண்டை நாடான இலங்கைக்கும் பங்கு உண்டு. ‘தலசீமியா’ என்னும் இரத்த நோயுடைய பெண்களுக்கு இந்த ஹார்மோன் எப்போதும் மிகுந்தே இருக்கும். அத்தகைய இலங்கைப் பெண்களை ஆராய்ந்தபோது, கர்ப்ப காலத்தில் அவர்களுக்குக் குமட்டலும் வாந்தியும் மிகக் குறைவாகவே வந்தன எனத் தெரிந்தது. ஆகவே கடும் வாந்திக்குக் காரணம் சோம்பலும் அன்று, திருஷ்டியும் அன்று, மனத்தின் விருப்பு வெறுப்பும் அன்று. உடலில் ஓடும் ஒரு பொருளின் அளவே காரணம்.

டாக்டர் அவ்வாறு சொல்வதேன்?

டாக்டர் மீது பழி சுமத்துவது நமது நோக்கம் அன்று. கர்ப்பிணிகளைப் பார்க்கும் நாளில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வரிசை நீண்டு நிற்கிறது. வருபவர்களில் மிகப் பலர் வாந்தி என்றே சொல்கிறார்கள். அவர்களில் மிகப் பலருக்கு அது தானே நின்றுவிடுகிறது. நூறு பேரைப் பார்த்துப் பழகிய கண், நூற்றோராவது பெண்ணின் வேறுபாட்டைக் காணத் தவறலாம்.

மற்றொரு காரணமும் உண்டு. 1957-ஆம் ஆண்டில் மேற்கு ஜெர்மனியில் ‘தாலிடோமைடு’ என்ற மருந்து விற்பனைக்கு வந்தது. கர்ப்பிணிகளின் குமட்டலுக்கும் அதைப் பல நாடுகளில் கொடுத்தனர். 1961-ஆம் ஆண்டில் அது நிறுத்தப்படுவதற்குள், உலகெங்கும் பதினாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் கை கால் குறைபாட்டுடன் பிறந்தனர். அதுமுதல் கர்ப்பிணிக்கு மருந்து கொடுப்பதென்றாலே டாக்டர்கள் அஞ்சும் நிலை ஏற்பட்டது. அந்த எச்சரிக்கை நல்லதே. ஆயினும் அதற்குப் பிறகு பல ஆண்டுகள் சோதித்து, கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கத்தக்கவை என்று ஏற்கப்பட்ட மருந்துகள் இன்று உண்டு. டாக்சிலமின் என்ற மருந்தும் வைட்டமின் பி6-உம் சேர்ந்த மாத்திரை அவற்றுள் ஒன்று. அதற்கு அடங்காவிட்டால் கொடுப்பதற்கு வேறு மருந்துகளும் உள்ளன. எதை, எவ்வளவு, எப்போது என்பதை டாக்டரே முடிவு செய்யவேண்டும். கடையில் தாமே வாங்கி உண்ணலாகாது. ஆனால், ‘கர்ப்பத்தில் வாந்திக்கு மருந்தே கிடையாது’ என்று எவரேனும் சொன்னால் அது சரியன்று என்பதை மட்டும் அறிந்துகொள்வோமாக.

அளந்து சொல்லுங்கள்

விருதுநகர்ச் சந்தைக்கு மல்லியும் வத்தலும் கொண்டு செல்பவர், வியாபாரி மூட்டையைக் கண்ணால் பார்த்து மதிப்பிட்டால் ஒப்புக்கொள்வாரா? தராசில் வைக்கச் சொல்வார். உடல் துன்பத்தைச் சொல்லும்போது மட்டும் நாம், “ரொம்ப வாந்தி, ஒன்றும் சாப்பிட முடியவில்லை” என்று கண்மதிப்பாகச் சொல்லிவிட்டு வந்துவிடுகிறோம். அதே சொற்களைத்தான் இலேசான மசக்கை உள்ள பெண்ணும் சொல்லியிருப்பாள். டாக்டருக்கு வேறுபாடு தெரிவதெப்படி? எண்ணிக்கைக்கு உள்ள வலு முறையீட்டுக்கு இல்லை.

ஆகவே வீட்டில் உள்ள ஒருவர், ஒரு பள்ளிக்கூட நோட்டில் நாள்தோறும் கீழ்க்கண்டவற்றைக் குறித்து வரவேண்டும்:

1. இருபத்துநாலு மணி நேரத்தில் எத்தனை மணி நேரம் குமட்டல் இருந்தது?
2. எத்தனை முறை வாந்தி வந்தது?
3. ஒன்றும் வெளிவராமல் வெறும் ஓங்கரிப்பு மட்டும் எத்தனை முறை?
4. எத்தனை டம்ளர் நீர், கஞ்சி, மோர் குடித்தாள்? அவற்றில் எவ்வளவு தங்கியது?
5. எத்தனை முறை சிறுநீர் போயிற்று? நிறம் எப்படி?
6. வாரம் ஒருமுறை எடை எவ்வளவு?

இவற்றில் முதல் மூன்று கேள்விகளைக் கொண்டே, வாந்தியின் கடுமையை மதிப்பெண் இட்டு அளக்கும் முறை ஒன்றை உலகெங்கும் டாக்டர்கள் கையாளுகிறார்கள். ஒரு நாளில் ஆறு மணி நேரத்துக்கு மேல் குமட்டல், ஏழு முறையோ அதற்கு மேலோ வாந்தி, ஏழு முறையோ அதற்கு மேலோ வெறும் ஓங்கரிப்பு என்பன அம்முறையில் மிகக் கடுமையான படி.

எடையைப் பொறுத்தவரை ஒன்று நினைவிருக்கட்டும். முதலில் எவ்வளவு இருந்தது என்பது தெரிந்தால்தான், குறைந்தது எவ்வளவு என்று கூறமுடியும். கர்ப்பம் என்று தெரிந்தவுடன் கிராம சுகாதாரச் செவிலியரிடம் பதிவு செய்வதால் வரும் நன்மைகளுள் இது ஒன்று. பன்னிரண்டு வாரத்திற்குள் பதிவு செய்யுமாறு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தை முன்னிட்டுச் சொல்லப்படுவதைப் பலரும் அறிவர். பணத்தை நினைத்துப் பதிவு செய்பவரும் உண்டு, செய்யட்டும். ஆனால் அன்று அட்டையில் எழுதப்படும் எடையும் இரத்த அழுத்தமும் பின்னாளில் அப்பெண்ணுக்குச் சாட்சி சொல்லக்கூடியவை.

டாக்டரிடம் பேசும் முறை

நோட்டையும் தாய்சேய் நல அட்டையையும் எடுத்துக்கொண்டு, துணைக்கு ஒருவர் உடன் செல்லவேண்டும். வாந்தியால் சோர்ந்த பெண்ணுக்கு வாதாட வலு இராது. கணவர் திருப்பூருக்கோ வெளிநாட்டுக்கோ பிழைக்கச் சென்றிருந்தால் மாமியாரோ, நாத்தனாரோ, அண்டை வீட்டு அக்காளோ செல்லலாம். பிரசவ அறையில் பெண் துணை ஒருவரை உடன் இருக்க விடும் வழக்கம் தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் இருக்கும்போது, வாந்திக்குக் காட்டும்போது துணை நிற்பதில் தடை ஏதுமில்லை.

முதல் வாக்கியத்திலேயே எண்களைச் சொல்லிவிட வேண்டும்: “ஐயா, ஒன்பதாம் வாரம். பதிவின்போது 48 கிலோ, இன்று 45. நேற்று ஒன்பது முறை வாந்தி. நேற்றுக் காலையிலிருந்து நீர் தங்கவில்லை.” இவ்வளவு சொல்ல அரை நிமிடம் போதும். பிறகு பணிவோடு, ஆனால் தயங்காமல், நாலு கேள்விகள் கேட்கலாம்.

முதலாவது, “எடை, நாடி, இரத்த அழுத்தம் பார்த்து, சிறுநீரும் இரத்தத்தில் உப்புச் சத்தும் சோதிக்கவேண்டுமா?” சிறுநீரில் கீட்டோன் என்ற பொருள் இல்லை என்பதால் மட்டும் நோய் இல்லை என்று முடிவு செய்யலாகாது என்பது இக்காலத்து மருத்துவக் கருத்து.

இரண்டாவது, “இது மசக்கை அல்லாமல் வேறு எதுவாகவேனும் இருக்கலாமா?” சிறுநீர்ப் பாதையில் கிருமி, மஞ்சள் காமாலை, தைராய்டு, குடல்வால் அழற்சி ஆகியவற்றிலும் வாந்தி வரும். இரட்டைக் குழந்தையிலும், குழந்தை உருவாகாமல் நஞ்சுத்திசு திராட்சைக் குலை போல் வளரும் முத்துப்பிள்ளை என்னும் கோளாறிலும் வாந்தி மிகும். பத்தாம் வாரத்துக்குப் பிறகே வாந்தி புதிதாகத் தொடங்கினால் இக்கேள்வி மிகவும் முக்கியமானது.

மூன்றாவது, “மருந்து அல்லது டிரிப் தேவையா?”

நாலாவது, “எந்த அறிகுறி கண்டால் உடனே திரும்பி வரவேண்டும்?” இக்கேள்விக்கு உள்ள பதிலை அட்டையிலேயே எழுதித் தரும்படி கேட்பது நலம். எழுதும்போது எந்த டாக்டரும் ஒரு கணம் நின்று யோசிப்பார். திரும்பி வருவதற்கு அப்பெண்ணுக்கும் அதுவே அனுமதிச் சீட்டாகிவிடும்.

அடுத்த கதவு

இவ்வளவுக்குப் பிறகும் ‘ஒன்றுமில்லை’ என்ற பதிலே வந்து, வாந்தியும் நிற்காவிட்டால்? சண்டையும் வேண்டாம், சும்மா இருந்துவிடவும் வேண்டாம். அடுத்த கதவைத் தட்டவேண்டும். ஒரு டாக்டரின் கருத்துக்கு மேல் இன்னொருவர் கருத்தைக் கேட்பது அவமதிப்பு ஆகாது.

கிராம சுகாதாரச் செவிலியர் முதல் கதவு. ஒவ்வொரு மாதமும் 9-ஆம் நாள் கர்ப்பிணிகளைத் தனிக் கவனத்துடன் பரிசோதிக்கும் திட்டம் 2016 முதல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்தது. அன்று சென்று காட்டலாம். அருப்புக்கோட்டை அரசு மருத்துவமனை இருக்கிறது. விருதுநகரில் 2022-ஆம் ஆண்டு ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டுள்ளது. அதன் மருத்துவமனையில் மகப்பேறு வல்லுநர்கள் உள்ளனர். மதுரை இராஜாஜி மருத்துவமனையும் எட்டாத தூரம் அன்று. வீட்டிலிருந்தே ஆலோசனை கேட்க 104 என்ற எண்ணும், அவசரத்தில் வண்டி அழைக்க 108 என்ற எண்ணும் உள்ளன.

கீழ்க்கண்டவற்றுள் ஒன்று இருந்தாலும் மறுநாள் வரை காத்திருத்தல் தவறு: ஒரு பகலும் இரவும் நீரே தங்காமை, எட்டு மணி நேரம் சிறுநீர் போகாமை, அல்லது மிகக் கறுத்துப் போதல், எழுந்து நின்றால் மயக்கம், வாந்தியில் இரத்தம், காய்ச்சல், கடும் வயிற்றுவலி, கண் மஞ்சளித்தல், பேச்சுக் குழறுதல், பார்வை தடுமாறுதல், நடை தள்ளாடுதல்.

குளுக்கோஸ் பாட்டிலைப் பற்றி ஓர் எச்சரிக்கை

அரசு மருத்துவமனைக்கு அலைவதைக் காட்டிலும் உள்ளூரில் ‘குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டால்’ தெம்பு வந்துவிடும் என்று எண்ணி, பட்டம் பெறாத ஒருவரிடம் செல்வது நம் பகுதியில் பழகிப்போன வழக்கம். இதில் உள்ள ஆபத்தைப் பலரும் அறியார். பல வாரங்கள் உணவு தங்காத உடலில் வைட்டமின் பி1 தீர்ந்துபோயிருக்கும். அந்நிலையில் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால், எஞ்சியிருக்கும் சிறிதளவு பி1-உம் செலவாகி மூளை நிலையாகப் பாதிக்கப்படலாம். பார்வைத் தடுமாற்றமும் நடைத் தள்ளாட்டமும் அதன் அறிகுறிகளே. ஆகவே முறையான மருத்துவமனைகளில் உப்புநீரை ஏற்றி, பி1 ஊசியை முன்னதாகக் கொடுக்கிறார்கள். டிரிப் ஏற்றுவது நல்லதே. அதை எங்கே, யாரிடம் ஏற்றிக்கொள்வது என்பதே கேள்வி.

வீட்டார் செய்யவேண்டியவை

இலேசான மசக்கைக்கு வீட்டுக் கவனிப்பே பெரும்பாலும் போதும். அடுப்புப் புகையும் தாளிப்பு வாடையும் குமட்டலைத் தூண்டுவதால், சில வாரங்களுக்குச் சமையலை வேறொருவர் ஏற்பது முதல் மருந்து. மூன்று வேளை வயிறார உண்பதற்குப் பதிலாக, இரண்டு மணிக்கொரு முறை கைப்பிடி அளவு பொரியோ, ஆறிய இட்லியோ, நீர்த்த கம்பங்கூழோ கொடுக்கலாம். நீரை ஒரே மூச்சில் குடிக்காமல், உப்பு-சர்க்கரைக் கரைசலாகவோ நீராகாரமாகவோ வாய் வாயாக அருந்தவேண்டும். இஞ்சி சிலருக்கு உதவுகிறது. இரும்புச்சத்து மாத்திரையால் குமட்டல் மிகுந்தால் அதைத் தாமே நிறுத்திவிடாமல், எப்போது எவ்வாறு உண்பது என்று செவிலியரைக் கேட்கவேண்டும். மண், சாம்பல், பல்பம் தின்னும் ஆசை வந்தால் அதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். பல வேளைகளில் அது இரத்தசோகையின் அடையாளம்.

வாந்தி மட்டும் அன்று

இங்கே கூறிய முறை வேறு தொல்லைகளுக்கும் பொருந்தும். ‘கர்ப்பத்தில் இதெல்லாம் வருவதுதான்’ என்று ஒதுக்கத்தகாதவை சில உண்டு. ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு ஓயாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, முகமும் கையும் வீங்குதல் ஆகியவை இரத்த அழுத்த நோயின் குறிகளாகலாம்; உடனே அழுத்தத்தை அளக்கச் சொல்லவேண்டும். 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது மிகுதி. இரத்தப்போக்கு, நீர்க்குடம் உடைதல், குழந்தையின் அசைவு குறைதல், உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குதல், ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தாங்காத அரிப்பு ஆகிய இவற்றில் எதுவும் ஒத்திப்போடத் தக்கதன்று.

ஊராட்சியின் பங்கு

தாய்மார் இறப்பைக் குறைத்ததில் தமிழ்நாடு நற்பெயர் பெற்ற மாநிலம். 2018-20-ஆம் ஆண்டுகளின் கணக்குப்படி, ஒரு லட்சம் குழந்தைகள் உயிருடன் பிறந்தபோது இறந்த தாய்மார் இந்தியா முழுவதற்கும் 97 பேர். தமிழ்நாட்டில் 54 பேர். தாய் ஒருவர் இறந்தால் ஏன் இறந்தார், எங்கே தாமதம் நேர்ந்தது என்று ஒவ்வொன்றையும் விசாரித்து அறியும் முறையை இம்மாநிலம் வெகு காலமாகக் கையாண்டு வருவதும் அதற்கு ஒரு காரணம். தாமதம் மூன்று வகைப்படும் என்று தேடியஸ், மெய்ன் என்ற இரு பெண் அறிஞர்கள் 1994-இல் எழுதினர். மருத்துவமனைக்குச் செல்ல முடிவெடுப்பதில் தாமதம். சென்று சேர்வதில் தாமதம். சேர்ந்த பின் தக்க சிகிச்சை கிடைப்பதில் தாமதம். நாம் கருதவேண்டியது யாதெனில், மூன்றாவது தாமதம் மீண்டும் முதல் தாமதத்தைப் பெற்றெடுக்கிறது. ஒருமுறை ‘ஒன்றுமில்லை’ என்று திருப்பி அனுப்பப்பட்ட பெண், மறுமுறை உண்மையான ஆபத்து வரும்போதும் வீட்டைவிட்டுக் கிளம்பத் தயங்குகிறாள். பேருந்துக்குக் காத்திருந்து, ஒரு நாள் கூலியை இழந்து, மறுபடியும் அதே பேச்சைக் கேட்பதற்காகப் போவானேன் என்று எண்ணுகிறாள். அந்தத் தயக்கத்தைப் போக்குவது டாக்டரால் மட்டும் ஆகக்கூடியதன்று, ஊரால் ஆகக்கூடியது.

ஊராட்சி செய்யத்தக்கவை பெருஞ்செலவு பிடிப்பவை அல்ல. அங்கன்வாடியில் பெரியவர்களுக்கான எடை எந்திரம் சரியாக வேலை செய்கிறதா என்று பார்ப்பது முதற்பணி. ஊரில் உள்ள கர்ப்பிணிகளில், கணவர் வெளியூரில் இருக்கும் பெண்கள் யார் யார் என்று செவிலியரிடமும் அங்கன்வாடிப் பணியாளரிடமும் கேட்டறிந்து, ஒவ்வொருவருக்கும் துணை செல்ல ஒரு பெண்மணியை மகளிர் குழுவிலிருந்து குறித்து வைக்கலாம். இரவில் வண்டி தரக்கூடியவர் இருவர் பெயரைப் பொது இடத்தில் எழுதி வைக்கலாம். கோடையில் கர்ப்பிணி உள்ள வீட்டுக்குக் குடிநீர் எடுத்துத் தர ஏற்பாடு செய்யலாம். கிராம சுகாதாரக் குழுக் கூட்டத்திற்கு மருத்துவ அலுவலரை அழைத்து, கடும் வாந்திக்கு என்ன செய்யவேண்டும் என்று தாய்மார்களுக்கு விளக்கச் சொல்லலாம். நேரில் பழகிய டாக்டரிடம் பெண்கள் கூச்சமின்றிப் பேசுவர்.

உண்மையாகவே அலட்சியம் நேர்ந்திருந்தால், ஊரில் வம்பு பேசிப் பயனில்லை. நாள், நேரம், சொன்னது, செய்தது ஆகியவற்றைத் தெளிவாக எழுதி, வட்டார மருத்துவ அலுவலருக்கும், தேவையானால் மாவட்டச் சுகாதார அலுவலருக்கும் அனுப்பவேண்டும். முதலில் அப்பெண்ணுக்குச் சிகிச்சை, பிறகே புகார். இந்த வரிசை மாறலாகாது.

‘அழுத பிள்ளை பால் குடிக்கும்’ என்பது பழமொழி. அழுவதற்கும் வலுவின்றிப் பாயில் கிடக்கும் பெண்ணுக்காக எவரேனும் ஒருவர் வாய் திறக்கவேண்டும். தன் செடி விடியற்காலையில் துவண்டிருப்பதைக் கண்ட விவசாயி, அண்டைக்காட்டுக்காரர் ‘ஒன்றுமில்லை’ என்றார் என்பதற்காகத் திரும்பி வந்துவிடுவதில்லை. மண்ணைத் தோண்டி ஈரம் பார்க்கிறார். அந்தப் பொறுப்பு நம் வீட்டுப் பெண்கள் பேரிலும் இருக்கட்டும். ஒவ்வொரு ஊராட்சியும் அடுத்த கூட்டத்திலேயே இதைப் பொருளாக எடுத்துக்கொண்டு, எடை எந்திரத்தில் தொடங்குவது நன்று.